உடலும் சிந்தனையும்: ஓர் இளவரசி எழுப்பிய வினா

மரண வீடுகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு. அழிவது உடல்தானே, ஆன்மா அழிவதில்லை என்பதே அது. சொல்பவர் நல்ல மனத்துடனேயே சொல்கிறார். கேட்பவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார். நோயாளியைப் பார்க்க வைத்தியசாலைக்குச் செல்பவரும் ஏறத்தாழ இதே பாணியில், வருத்தம் உடம்புக்குத்தான், மனத்தைத் தளரவிடாதீர்கள் என்கிறார். இச்சொற்களில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இவற்றின் பின்னால் ஒரு மெய்யியற் கொள்கை ஒளிந்திருக்கின்றது என்பதையும், அக்கொள்கை கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து பிறந்ததன்று என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் ஒரு வீடு; உள்ளே குடியிருப்பவனே உண்மையான மனிதன்; சிந்திப்பதும் அவனே; வீடு இடிந்தாலும் அவனுக்குக் கேடில்லை என்பதே அக்கொள்கை.

இதன் மிக அழகான வடிவத்தைப் பிளேட்டோவின் 'பீடோ' என்னும் உரையாடலிற் காண்கிறோம். கி.மு. 399ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரச் சிறையில், நஞ்சருந்தி இறப்பதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர், சோக்கிரட்டீஸ் தம் நண்பர்களுடன் உரையாடுவதாக அந்நூல் அமைந்துள்ளது. பசி, நோய், ஆசை, அச்சம் ஆகியவற்றால் உடல் ஓயாது சிந்தனைக்கு இடையூறு செய்கின்றது என்றும், உண்மையைத் தூய்மையாக அறிய விரும்புபவன் உடலிலிருந்து விலகி நிற்கப் பழக வேண்டும் என்றும் அவர் அங்கே வாதிடுகிறார். சிறைக்குள் இருந்தவர் உடலையும் ஒரு சிறையாகக் கண்டதில் வியப்பில்லை. நம் தமிழ் மரபிலும் உடலை இழித்துரைக்கும் குரல்கள் பல உண்டு. எனினும், முன்பு உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே இறைவனைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவதும் அதே மரபில்தான் என்பதை மறந்துவிடலாகாது.

பிளேட்டோவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், இதே பிரிவினையை முற்றிலும் வேறொரு நோக்கத்துடன் முன்வைத்தவர் ரெனே டேக்கார்ட். 1596ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டிற் பிறந்த இவர், லா பிளேஷ் நகரில் இயேசு சபையினர் நடத்திய கல்லூரியிற் பயின்றவர். இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தவர். 1641இல் இலத்தீன் மொழியில் வெளியான தமது 'தியானங்கள்' நூலில், ஐயுறக்கூடிய அனைத்தையும் அவர் ஐயுற்றுப் பார்க்கிறார். எதிரே எரியும் நெருப்பும், கையிலுள்ள காகிதமும், ஏன், அந்தக் கைகளுமே கனவாக இருக்கலாமல்லவா? ஆனால் ஐயுறுகின்ற தாம் இல்லையென்று ஐயுற முடியவில்லை. ஆகவே தாம் அடிப்படையிற் சிந்திக்கும் பொருள் என்றும், உடலோ நீளம், அகலம், உயரம் கொண்டு இடத்தை நிரப்பும் வேறொரு பொருள் என்றும் முடிவு செய்கிறார். உள்ளத்துக்கு அளவு இல்லை. உடலுக்குச் சிந்தனை இல்லை.

இப்பிரிவினையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. உடலை ஒரு மணிக்கூடு போல, உறுப்பு உறுப்பாக ஆராயலாம் என்னும் துணிவை அது மருத்துவத்துக்கு அளித்தது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹாவி 1628இல் வெளியிட்ட குருதிச் சுற்றோட்டக் கொள்கையை உடனே ஏற்றுக்கொண்டவர்களுள் டேக்கார்ட்டும் ஒருவர். அன்றியும், அவர் வாசகர்கள் பலரைவிட அவர் நிதானமானவர். கப்பலில் மாலுமி இருப்பதுபோலத் தாம் உடலுக்குள் இருக்கவில்லை என்று அதே நூலின் ஆறாவது தியானத்திற் கூறுகிறார். கப்பலின் பலகை உடைந்தால் மாலுமி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். நம் கால் உடைந்தாலோ நாம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, நோகிறோம். அப்படியாயின் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் இவ்வளவு நெருக்கமாக ஒன்றுவது எங்ஙனம்? இங்கேதான் நூல் மௌனமாகிறது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் ஓர் இளம் பெண்.

பொகீமியாவின் இளவரசி எலிசபெத் 1618 டிசம்பரில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தை பிரெடரிக் பொகீமிய அரியணையில் ஒரேயொரு குளிர்காலம் மட்டுமே அமர்ந்திருந்தார். 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்று, முடியையும் சொந்த நாட்டையும் இழந்து, குடும்பத்துடன் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்தார். எலிசபெத் வளர்ந்தது இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் பிள்ளையாகவே. இளவரசி என்ற பட்டம் இருந்தது. ஆள நாடு இருக்கவில்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் அவர் பெற்றிருந்த புலமை கற்றோரிடையே பேசப்பட்டது. நம்முடைய மெய்யியற் பாடநூல்கள் பலவற்றில் இவர் ஓர் அடிக்குறிப்பாகவே வந்து போகிறார் என்பது வருந்தத்தக்கது.

1643ஆம் ஆண்டு மே மாதம், இருபத்துநான்கு வயதில், அவர் டேக்கார்ட்டுக்கு முதற் கடிதத்தை எழுதினார். வினா எளிமையானது. ஒரு பொருளை அசைப்பதற்கு அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும். ஆன்மாவுக்கு மேற்பரப்பும் இல்லை, அளவும் இல்லை என்கிறீர்கள். அவ்வாறாயின் நான் கையை உயர்த்த நினைத்ததும் என் கை எவ்வாறு உயர்கிறது? இதுவே அதன் சாரம்.

டேக்கார்ட் கனிவாகப் பதிலளித்தார். கல்லின் பாரம் அதைக் கீழ்நோக்கி இழுப்பதாக நாம் எண்ணும்போது, பாரம் கல்லைத் தொட்டுத் தள்ளுவதாக எண்ணுவதில்லை. ஆன்மா உடலை அசைப்பதையும் அவ்வாறே விளங்கிக்கொள்ளலாம் என்றார். எலிசபெத் விடவில்லை. பாரத்தைப் பற்றிய அந்த எண்ணம் தவறானதென்று பௌதிகத்தில் நிறுவியவரே நீங்கள்தாமே, தவறான ஓர் எண்ணம் இங்கு மட்டும் எவ்வாறு வழிகாட்டும் என்று கேட்டார். மேலும், பொருளல்லாத ஒன்று பொருளை அசைக்கும் என்று ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் ஏதோ ஒருவகையில் அளவும் பருமையும் உண்டென்று ஏற்பதே தமக்கு இலகுவாயிருக்கின்றது என்றும் எழுதினார்.

ஜூன் மாத இறுதியில் டேக்கார்ட் அனுப்பிய மறுமொழி மெய்யியல் வரலாற்றில் மிகவும் வியப்பான ஒன்று. உடலும் ஆன்மாவும் ஒன்றியிருப்பதை ஆழ்ந்த தியானத்தால் அறிய முடியாது. அன்றாட வாழ்வாலும், சாதாரண உரையாடல்களாலும், புலன்களாலுமே அறியலாம் என்றார் அவர். தூய அறிவால் மட்டும் ஆராயும் விடயங்களுக்குத் தாம் ஆண்டொன்றுக்குச் சில மணி நேரம் மட்டுமே ஒதுக்குவதாகவும் சேர்த்துக்கொண்டார். சிந்தனையை உடலினின்றும் பிரித்தெடுத்தவர், இரண்டும் ஒன்று என்பதை அறிய வேண்டுமாயின் சற்றுச் சிந்திப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னார். இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. எனக்கோ அவர் எழுதியவற்றுள் மிகவும் நேர்மையான பக்கம் இதுவாகவே தோன்றுகின்றது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் இந்த வினா ஏட்டிலிருந்து இறங்கி, எலிசபெத்தின் சொந்த உடலுக்கே வந்தது. 1645ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் நீடித்த காய்ச்சலாலும் வறட்டு இருமலாலும் அவதியுற்றார். இத்தகைய காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் துயரமே என்று டேக்கார்ட் எழுதினார். குடும்பத்தின் இடர்களிலிருந்து கற்பனையை விலக்கி, மகிழ்ச்சி தருவனவற்றில் மனத்தைச் செலுத்துமாறு ஆலோசனை கூறினார். எலிசபெத்தின் பதில் துன்பப்பட்ட எவருக்கும் உடனே விளங்கும். ஆன்மாவின் வேதனைகள் தம் உடலை எளிதிற் தாக்குகின்றன. பகுத்தறிவு மெல்ல மெல்ல மனத்தைத் தேற்றி, அதன் வழியே உடலையும் தேற்றுவதற்குள் அடுத்த இடர் வந்து சேர்ந்துவிடுகிறது என்றார். போரும் இடப்பெயர்வும் கண்ட நம் மக்களிடம் இக்கடிதத்தை வாசித்துக் காட்டினால், உரை எதுவும் தேவைப்படாது.

இங்கே ஒரு சிறு விடயத்தையும் சொல்லவேண்டும். எலிசபெத் கல்வினிய சபையைச் சார்ந்தவர். 1645இல் அவருடைய தம்பி எட்வேட் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அச்செய்தி முந்தைய இடர்கள் எல்லாவற்றையும்விடத் தம் உடல்நலத்தையும் மன அமைதியையும் குலைத்துவிட்டதாக அவர் டேக்கார்ட்டுக்கு எழுதினார். எழுதியதோ ஒரு கத்தோலிக்கருக்கு. கத்தோலிக்க வாசகர்களாகிய நாம் இதைப் படிக்கும்போது சற்று நெளியலாம். ஆயினும், சமய நம்பிக்கை குறித்த ஒரு செய்தி ஒருவரைப் படுக்கையில் வீழ்த்த முடியுமாயின், நம்பிக்கையும் நாடித்துடிப்பும் தனித்தனி அறைகளில் வாழவில்லை என்பதுதானே அதன் பொருள்?

அக்கடிதங்களுள் மிகக் கூர்மையானது 1645 ஆகஸ்ட் மாதத்தில் எழுதப்பட்டது. இருவரும் உரோமைய மெய்யியலாளர் செனக்கா இன்ப வாழ்வு பற்றி எழுதிய நூலை வாசித்துக்கொண்டிருந்தனர். பகுத்தறிவை நன்கு பயன்படுத்துபவன் தன் விருப்புறுதியைத் தவிர வேறெதையும் சாராமல் மனநிறைவை அடையலாம் என்பது டேக்கார்ட்டின் நிலைப்பாடு. எலிசபெத் ஐயம் எழுப்பினார். பகுத்தறியும் ஆற்றலையே முழுமையாகப் பறித்துவிடும் நோய்கள் உண்டே, அந்நோயாளியின் மனநிறைவு எங்கே போகிறது என்றார். வேறு நோய்கள் ஆற்றலைக் குறைத்து, நல்ல மனிதரையும் உணர்ச்சிகளின் வசப்படுத்துகின்றனவே என்றும் கேட்டார். டேக்கார்ட் இதை மறுக்கவில்லை. அத்தகைய நோய் மனிதனின் விடுதலையையே பறித்துவிடும் என்று செப்டெம்பர் மாதக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அன்பான வாசகர்களே, இது மெய்யியலாளர் இருவருக்கிடையிலான பொழுதுபோக்கு அன்று. முதுமையில் நினைவாற்றலை இழந்து, பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்திருக்கும் தாயின் அருகில் இருப்பவர்களின் கேள்வியும் இதுவே. சிந்தனையே மனிதன் என்றால், சிந்தனை தேய்ந்த பின்னர் கட்டிலில் இருப்பவர் யார்?

எலிசபெத்தின் தூண்டுதலாலேயே டேக்கார்ட் 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' என்னும் நூலை எழுதத் தொடங்கினார். 1649இல் வெளியான அந்நூலில், மூளையின் நடுவிலுள்ள பைனியல் சுரப்பியே ஆன்மாவின் தலைமை இருக்கை என்றார். மூளையின் ஏனைய பகுதிகள் இரண்டிரண்டாக இருக்க, இது மட்டும் ஒன்றாக இருக்கின்றது என்பது அவர் காட்டிய காரணம். இச்சுரப்பி அசைந்து அசைந்து உடலை இயக்குவதாக அவர் கருதினார். 1665இல் பாரிஸ் நகரில் நிகழ்த்திய விரிவுரையொன்றில், டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன், அச்சுரப்பி அவ்வாறு அசைய இயலாதபடி அமைந்துள்ளது என்று எடுத்துக்காட்டினார். அந்த ஸ்டென்சன் பின்னாளிற் கத்தோலிக்க ஆயராகி, 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஆன்மாவின் இருக்கையைச் சுரப்பியில் தேடியவரைத் திருத்தியது நாத்திகம் அன்று, வருங்கால அருளாளர் ஒருவரின் சத்திரக் கத்தி.

டேக்கார்ட்டின் முடிவும் உடலாலேயே வந்தது. இளமை முதல் காலையில் நெடுநேரம் படுக்கையில் இருந்து சிந்திக்கும் பழக்கமுடையவர் அவர். சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்டீனாவோ விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் கேட்க விரும்பினார். ஸ்டொக்ஹோம் நகரின் கடுங்குளிரில் நியுமோனியாக் காய்ச்சல் கண்டு, 1650 பெப்ரவரி 11ஆம் திகதி அவர் இறந்தார். பின்னர் அவருடைய எச்சங்கள் பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது தலை கூட வரவில்லை. அவருடையதென்று கூறப்படும் மண்டையோடு இன்று பாரிஸ் நகர அருங்காட்சியகம் ஒன்றின் உடைமையாக இருக்கிறது. ஏனைய எலும்புகளோ அதே நகரின் ஆலயமொன்றில் உள்ளனவாம். உள்ளத்தையும் உடலையும் பிரித்தவருக்கு இப்படியொரு கதி நேர்ந்ததே என்று விரிவுரையாளர்கள் நகைச்சுவையாகக் குறிப்பிடுவதுண்டு.

இனி நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். டேக்கார்ட்டுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, புனித தோமஸ் அக்குவினாஸ் அரிஸ்டோட்டிலின் வழியில் வேறொரு விடையைச் சொல்லியிருந்தார். ஆன்மா உடலுக்குள் இருக்கும் இன்னொரு பொருள் அன்று. உடலை உயிருள்ள உடலாக, இந்த மனிதரின் உடலாக ஆக்கும் அமைப்புநெறியே ஆன்மா. மெழுகையும் அதிற் பதிந்த முத்திரையையும் இரண்டாகப் பிரித்துவைத்து, இவை எவ்வாறு ஒட்டின என்று கேட்பது பொருளற்றது என்று அரிஸ்டோட்டில் கூறியது இதைத்தான். 1311-1312இல் பிரான்ஸின் வியன் நகரிற் கூடிய பொதுச்சங்கமும், அறிவுள்ள ஆன்மாவே மனித உடலின் வடிவம் என்று போதித்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்துக்கு விளக்கம் எழுதும்போது, புனித தோமஸ் நம்மில் பலரைத் திடுக்கிட வைக்கும் ஒன்றைச் சொல்கிறார். தம் ஆன்மா தாம் அன்று. ஆன்மா மட்டும் மீட்கப்படுமாயின், தாமோ வேறெந்த மனிதரோ மீட்கப்பட்டதாகாது என்பதே அது. மரண வீட்டில் நாம் சொல்லும் ஆறுதலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! நம் விசுவாச அறிக்கை உடலின் உயிர்ப்பைக் கூறுவது அதனாலேயே.

எலிசபெத்தின் ஆகஸ்ட் மாதக் கேள்விக்கும் புனித தோமஸிடம் நேரான மறுமொழி ஒன்றுண்டு. அறிவு உடலுறுப்பு ஒன்றின் செயல் அன்று என்று நம்பிய அவரே, மனக்காட்சிகள் இன்றி மனிதனால் எதையும் சிந்திக்க இயலாது என்றும் கூறினார். மூளையிற் பாதிப்பு ஏற்பட்டவர் தாம் ஏற்கெனவே கற்று அறிந்தவற்றையும் நினைந்துகொள்ள முடியாமற் போவதை அதற்குச் சான்றாகக் காட்டினார். ஆகவே நோயாளியின் சிந்தனை தடைப்படுவது அவரது மனவுறுதியின் குறைபாடும் அன்று, விசுவாசத்தின் குறைபாடும் அன்று. துயரத்துக்கு மருந்து யாது என்று ஆராயும் இடத்தில் இந்த மாமேதை கண்ணீரையும், நண்பர்களின் பரிவையும், உண்மையைத் தியானிப்பதையும் சொல்லிவிட்டு, நித்திரையையும் குளிப்பையும் சேர்த்துக்கொள்கிறார். மனம் சோர்ந்து வருபவரிடம், செபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பும் குருக்களாகிய நாங்கள் அந்தப் பகுதியை அடிக்கடி படிக்க வேண்டும்.

உடல் நாம் நினைப்பதைவிட எவ்வளவு ஆழமாக நம் சிந்தனைக்குள் வேரோடியிருக்கிறது என்பதை, உடலின் ஒரு பகுதியை இழந்தவர்களிடமிருந்தே மெய்யியல் கற்றுக்கொண்டது. டேக்கார்ட்டே ஒரு சிறுமியின் கதையை எழுதியுள்ளார். அழுகிய கையை மருத்துவர் பார்க்க வரும்போதெல்லாம் அவளுடைய கண்களைக் கட்டிவிடுவார்கள். ஒருநாள் முழங்கை வரை கை அகற்றப்பட்டு, அவ்விடத்தில் துணிகள் சுற்றிவைக்கப்பட்டன. கை போனதை அறியாத சிறுமி, இல்லாத விரல்களில் ஒன்று மாறி ஒன்று நோவதாக முறையிட்டுக்கொண்டிருந்தாள். நோவு உணரப்படுவது கையில் அன்று, மூளையிலேயே என்பதற்கு டேக்கார்ட் இதைச் சான்றாக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் வியர் மிட்செல், 1871இல் இந்நிலைக்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இப்பெயர் நம் நாட்டில் பலருக்குத் தெரியாது; பொருள் தெரிந்தவர்கள் ஏராளம். வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடியாலும் எறிகணையாலும் காலை இழந்தவர்கள், இல்லாத பாதத்தில் அரிப்பும் எரிவும் ஏற்படுவதைக் கூச்சத்துடன் சொல்வார்கள். மூளை பிசகிவிட்டது என்று பிறர் எண்ணுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. பிசகு எதுவும் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் கற்று, அமெரிக்காவிற் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் எளியதொரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இழந்த கை இறுக மூடியபடி நோவதாக உணரும் ஒருவர், நல்ல கையைக் கண்ணாடியின் முன் வைத்து விரிக்கிறார். கண்ணாடியில் இரு கைகளும் விரிவதுபோல் தெரிகின்றது. சிலருக்கு அந்தக் கணமே இறுக்கம் தளர்ந்தது. கையை இழந்த சிலருடைய கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரல்களிலும் அவர்கள் தொடுகையை உணர்ந்தார்கள். மூளையின் உடல் வரைபடத்தில் முகத்துக்குரிய பகுதி கைக்குரிய பகுதியின் அயலிலேயே இருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

பிரெஞ்சு மெய்யியலாளர் மோரிஸ் மெர்லோ-பொன்ரி 1945இல் வெளியிட்ட 'புலனுணர்வின் தோற்றப்பாட்டியல்' என்னும் நூலில் இதே மாய உறுப்பை எடுத்துக்கொண்டு, டேக்கார்ட் கேளாத ஒரு கேள்வியைக் கேட்டார். இது நரம்பின் விளைவா, நினைவின் விளைவா? மூளைக்குச் செல்லும் நரம்புகளை வெட்டினால் மாய உறுப்பு மறைகிறது. ஆகவே அது வெறும் நினைவு அன்று. ஆனால் காயமுற்ற நேரத்தை நினைவூட்டும் ஒரு செய்தியே சிலருக்கு அதை வரவழைத்துவிடுகிறது. ஆகவே அது வெறும் நரம்பும் அன்று. அவர் தந்த விடை, உடல் என்பது உலகை நோக்கி நாம் நீட்டியிருக்கும் கை என்பதாகும். காலை இழந்தவருடைய வீட்டுச் சுவரிற் சாத்தியிருக்கும் சைக்கிள், அவரை இன்னமும் ஏறு என்றுதான் அழைக்கின்றது. வயல் வரம்பும் கிணற்றுக்கட்டும் அவ்வாறே. உலகம் அந்தக் காலை இன்னும் எதிர்பார்க்கின்றது. அவரும் அவ்வெதிர்பார்ப்புக்குள்ளேயே வாழ்கிறார். யாழ்ப்பாணத்திற் செயற்கைக் கால் பொருத்தப்பெறும் ஒருவர், முதல் நாட்களில் ஒவ்வோர் அடியையும் கணக்குப் பார்த்து வைப்பார். பழகப் பழகக் கணக்கு நின்றுவிடும். நிலத்தின் மேடுபள்ளத்தை அவர் அந்தக் காலின் அடியிலேயே உணரத் தொடங்குவார்.

குருடரின் ஊன்றுகோல் பற்றி மெர்லோ-பொன்ரி எழுதுவதும் இதுவே. கோல் கையில் இருக்கும் ஒரு பொருளாக இராமல், அதன் நுனியே தொடும் விரலாகிவிடுகின்றது. வியப்பு என்னவெனில், அதே ஊன்றுகோலை 1637இல் டேக்கார்ட்டும் ஒளியை விளக்குவதற்குப் பயன்படுத்தியிருந்தார். ஒருவருக்கு அது அசைவைக் கடத்தும் ஒரு தடி. மற்றவருக்கு அது நீண்டுவிட்ட உடல். மெர்லோ-பொன்ரி 1961 மே 3ஆம் திகதி திடீரென இறந்தபோது, டேக்கார்ட் பற்றிய வகுப்புக்கே ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என்பர்.

அந்நூலில் அடிக்கடி வரும் நோயாளி, ஷ்னைடர் என்னும் பெயரால் அறியப்படும் ஜேர்மன் போர்வீரர். முதலாம் உலகப் போரில் எறிகணைச் சிதறல் அவருடைய தலையின் பின்புறத்தைத் தாக்கியது. நுளம்பு கடித்த இடத்துக்கு அவருடைய கை தயக்கமின்றிச் செல்லும். மூக்கைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். சுட்டிக்காட்டச் சொன்னால் தடுமாறுவார். தோற்பைகள் செய்யும் தம் தொழிலையோ திறம்படச் செய்துவந்தார். அறிவு முழுவதும் மூளைக்குள் இருந்து கட்டளையிடும் ஒன்றாயின், சுட்ட முடியாத மூக்கைப் பிடிப்பது எவ்வாறு? உடலுக்கென ஓர் அறிதல் உண்டு. அது சொற்களுக்கு முந்தியது.

இதற்கு இன்னொரு சான்றை மருத்துவம் பின்னர் தந்தது. அமெரிக்கரான ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல் மூளையின் இருபுறத்திலும் சில பகுதிகள் அகற்றப்பட்டன. அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவமொன்றின் இரு கோடுகளுக்கிடையில் பென்சிலால் வரையவேண்டும். முதல் நாள் பிழைகள் நிறைந்திருந்தன. மூன்றாம் நாளில் அவர் அழகாக வரைந்தார். ஆனால் அதற்கு முன்னர் ஒருபோதும் அப்படி வரைந்ததாக அவருக்கு நினைவில்லை. அவர் மறந்ததை அவருடைய கை மறக்கவில்லை.

இச்செய்தி, எலிசபெத் அஞ்சிய அந்த நோயின் முழு இருளையும் அகற்றிவிடுகின்றது என்று நான் கூறமாட்டேன். பகுத்தறிவு தேய்வது பெரும் இழப்பு. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் பெரிய வேதனை. எனினும், சிந்தனை தேய்ந்த பின்னர் கட்டிலில் இருப்பது வெறும் கூடு அன்று. முன்னைய திருவழிபாட்டு முறையில் நோயாளியின் கண், செவி, மூக்கு, வாய், கை, கால் ஆகியவற்றில் எண்ணெய் பூசப்பட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஒழுங்கின்படி இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். நெற்றியோடு நிறுத்திக்கொள்ளாமல் கைகளுக்கும் செல்கிறோம் என்பது நோக்கத்தக்கது.

நினைவிழந்த முதியோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இது தெரியும். பெயர்கள் போய்விட்டன, ஆண்டும் மாதமும் போய்விட்டன, மந்திரங்களின் சொற்களும் பாதியில் அறுந்துபோகின்றன. ஆனால் கையில் செபமாலையை வைத்தால், விரல்கள் மணிக்கு மணி நகரத் தொடங்குவதைப் பல இல்லங்களிற் காணலாம். அதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. அருகில் இருப்பவர்கள் அவருடைய காதருகே மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். வேகத்தை மட்டும் அந்த விரல்களிடமே விட்டுவிடுங்கள்.